பழைய அரிசி, புது மூட்டை



மைசூர் மண்டி மொஹல்லாவில் வளர்ந்தவர்களுக்குக் குத்தூசி தெரியாமல் இருக்காது. அரிசி மூட்டையைப் பிரிக்காமலே ஓரத்தில் அதால் குத்துவார்கள். உள்ளங்கையில் நாலு அரிசி விழும். அதை முகர்ந்து, ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுவார்கள். எங்கள் ஊர் இசைக்குழு ஒன்றை இன்று அந்தக் குத்தூசியோடு அணுகப் போகிறேன். குழுவின் பெயர் ‘ரகு தீட்சித் பிராஜெக்ட்’.

ரகு தீட்சித் 1974-இல் நாசிக்கில் பிறந்து மைசூரில் வளர்ந்தவர். பரதநாட்டியம் கற்றவர், நுண்ணுயிரியல் படித்தவர். கிதாரைக் கையில் எடுத்ததே கல்லூரியில் ஒரு பந்தயத்துக்காகத்தான் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெல்ஜியத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டுப் பாட்டுக்காக ஊர் திரும்பினார். முதலில் ‘அந்தராக்னி’ என்ற குழு. பிறகு இந்த ‘பிராஜெக்ட்’. வாசிப்பவர்கள் வருவார்கள், போவார்கள், திண்ணை மட்டும் அப்படியே இருக்கும் என்ற ஏற்பாடு. முதல் ஆல்பம் 2008-இல் வந்தது. வெளியிட்டவர்கள் இந்தி சினிமா இசையமைப்பாளர்கள் விஷால்–சேகர். 2010-இல் பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்டின் இசை நிகழ்ச்சி, 2011-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி இசை விழா. லுங்கியும் கால் சலங்கையுமாகவே அங்கேயும் போய் நின்றார்கள்.

இந்தக் குழு பாடும் வகை இசைக்கு ‘ரூட்ஸ் ராக்’ என்று பெயர். மின் கிதாரையும் டிரம்ஸையும் வைத்துக்கொண்டு, மண்ணின் பழைய பாட்டுக்குத் திரும்பிப் போவது. அமெரிக்காவில் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற குழு 1969 ஒரே ஆண்டில் மூன்று ஆல்பங்கள் போட்டது. பையன்கள் கலிஃபோர்னியாக்காரர்கள். பாடியதோ எங்கோ தெற்கே இருக்கும் சதுப்பு நிலத்தைப் பற்றி. லெட் பெல்லி என்ற கறுப்பினப் பாடகரின் பருத்திக்காட்டுப் பாட்டையும் பாடினார்கள். பிறந்த ஊர் ஒன்று, வேர் விட்ட ஊர் வேறு. இன்றைக்கும் அவர்களுக்கு ரசிகர்கள் குறையவில்லை. வேர் தானாக அமைவதில்லை, ஒருவர் தேடிப் பிடித்துக்கொள்வது என்பதற்கு அவர்களே சாட்சி.

ரகு தீட்சித் பிடித்துக்கொண்ட வேர் சிசுநாள ஷரீஃப். 1819 முதல் 1889 வரை வாழ்ந்த வட கர்நாடகத்துக்காரர். பிறப்பால் முஸ்லிம், குரு கோவிந்த பட்டர் ஒரு பிராமணர். அவர் பாடியவற்றைக் கன்னடத்தில் ‘தத்துவ பதம்’ என்பார்கள். நம் சித்தர் பாட்டுக்கு உடன்பிறப்பு. தமிழில் சூஃபி ஞானம் பாடிய குணங்குடி மஸ்தான் சாகிபைப் படித்தவர்களுக்கு ஷரீஃப் அந்நியராகத் தெரியமாட்டார்.

இப்போது குத்தூசியைப் போடுவோம். முதல் மாதிரி, ‘குடுகுடியா சேதி நோடோ’. ஹூக்காவை இழுத்துப் பார் என்று கூப்பிடும் பாட்டு. கேட்டவுடன் கூத்தடிக்கத் தோன்றும். ஆனால் ஷரீஃப் சொல்லும் ஹூக்கா இந்த உடம்பு. உள்ளே புகைவது நம் ஆசையும் அகங்காரமும். ரகுவின் குழு இதற்கு ஆடவைக்கும் தாளம் கட்டியிருக்கிறது. தவறா? என் கணக்கில் இல்லை. ஆட வந்தவனை நடுவழியில் பிடித்து நிறுத்துவதுதான் ஷரீஃபின் வழக்கமும். சலங்கைச் சத்தத்தையும் கவனியுங்கள். நாட்டியம் படித்த கால் அது, இடம் தெரியாமல் ஒலிக்காது.

இரண்டாவது மாதிரி, ‘லோகத காளஜி’. உலகத்துக் கவலையெல்லாம் தன் தலையில்தான் என்று திரிகிறவரை ஷரீஃப் குத்திக்காட்டும் பாட்டு. இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. திறந்தவெளியில் ஆயிரம் பேர் சேர்ந்து பல்லவியைத் திருப்பிப் பாடும்போது உற்சாகம் பொங்குகிறது, குத்தல் கரைந்துபோகிறது. கேலி என்பது காதோடு சொல்லவேண்டியது. கன்னடப் பாடகர் சி. அஸ்வத் பாடி நாம் கேட்ட ஷரீஃப் அப்படித்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். 1990-இல் இயக்குநர் நாகாபரணா எடுத்த ‘சந்த சிசுநாள ஷரீஃபா’ படத்துக்கு இசை அஸ்வத்துடையது. ஷரீஃபை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் அவர் பங்கு பெரிது. ரகு தீட்சித்தை ரசிப்பவர்கள் அஸ்வத்தையும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால்தான் ஷரீஃப் முழுசாகக் கிடைப்பார்.

மூன்றாவது, 2008-இல் வந்த ‘சைக்கோ’ என்ற கன்னடப் படத்துக்கு ரகு இசையமைத்த பாட்டு, மலை மாதேஸ்வரன் என்ற சாமியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. மாதேஸ்வரன் மலை தமிழ்நாட்டு எல்லையிலேயே இருக்கிறது. சேலம், ஈரோடு பக்கத்து ஜனங்களும் அங்கே நடையாகப் போகிறவர்கள். மைசூர் வீதியில் கம்சாளை என்ற வெண்கலத் தாளத்தைத் தட்டிக்கொண்டு பாடிவரும் பக்தர்களை நாம் பார்த்திருக்கிறோம். வாசலில் கேட்ட அந்தப் பெயர் சினிமாப் பாட்டாகிக் கல்லூரிப் பையன்களின் கைப்பேசியில் ஒலித்தது. சாமியின் மதிப்பை இறக்கிவிட்டார்கள் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அது, சாமி ஊர்வலம் நம் தெரு வழியாகவும் திரும்பியது போலத்தான்.

இந்தக் குழுவால் என்ன மிஞ்சியது? ரகுவின் தம்பி வாசு தீட்சித் ‘ஸ்வராத்மா’ என்ற குழுவோடு அதே பாதையில் நடந்தார். தமிழிலும் 2018-இல் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராக்கையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அவரவர் மண், அவரவர் கோபம். ஆனால் குணங்குடியாரையோ சித்தர் சிவவாக்கியரையோ இப்படி ஊரெல்லாம் முணுமுணுக்க வைக்கும் தமிழ்க் குழுவுக்கு நான் இன்னும் காத்திருக்கிறேன்.

மைசூர் அசோகா சாலைப் பக்கம் மாலையில் நின்றால் பாங்கொலியும் தேவாலய மணியும் ஒரே காற்றில் வரும். நடுவில் ஏதோ ஒரு கடையிலிருந்து ஷரீஃபின் பாட்டு, கிதாரோடு. மூட்டை புதுசுதான், சாயம்கூட இன்னும் போகவில்லை. குத்தூசியில் விழுவது பழைய அரிசி. மண்டிக்காரரைக் கேளுங்கள், புது அரிசி குழையும், பழைய அரிசிதான் பொலபொலவென்று வடியும். விலையும் அதற்குத்தான் கூடுதல்.