ஊர் ஊராகக் காபி

(நம் சங்கக் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"ஓய்வுக்குப் பின் பயணங்கள்" என்று செயலாளர் எனக்குத் தலைப்புக் கொடுத்தார். காசி, பத்ரி, முக்திநாத் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார். அந்த க்ஷேத்திரங்களுக்கும் போனேன். ஆனால் இன்று நான் பேசப்போவது காபிக் கடைகளைப் பற்றி. "அதில் பேச என்னங்காணும் இருக்கு?" என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருக்கிறது. அந்த விஷயத்தில் நான் ஒரு பெரிய தப்புப் பண்ணினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்த வீட்டில் காபி என்றால் பித்தளை ஃபில்டர், முதல் டிகாக்ஷன், கறந்த பால். சிக்கரி கலந்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். சிக்கரி என்பது காபியே அல்ல. ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்தது. அதில் காஃபீன் கிடையாது. நிறமும் கெட்டித்தன்மையும் தரும், அவ்வளவுதான். இன்றைய சட்டப்படி காபி-சிக்கரி கலவையில் காபி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. நம்மில் எத்தனை பேர் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கிறோம்?

பி.எஸ்ஸி. வேதியியல் முடித்து மத்திய அரசு வேலையில் சேர்ந்தேன். 1974-ல் கல்கத்தாவுக்கு மாற்றல். அங்கேதான் வீட்டுக்கு வெளியே ஒரு காபி உலகம் இருப்பதைக் கண்டேன். காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ், பழைய ஆல்பர்ட் ஹால் கட்டடத்தில், 1942-ல் ஆரம்பித்தது. உயரமான கூரை, விசிறி மடிப்புத் தலைப்பாகை கட்டிய பரிமாறுபவர்கள், மேஜைக்கு மேஜை வாக்குவாதம். பால் இல்லாத காபிக்கு அங்கே "இன்ஃப்யூஷன்" என்று பெயர். நான் ஒரு வாய் குடித்துவிட்டு, "இது கஷாயம்" என்று தள்ளி வைத்தவன்.

இந்தியன் காபி ஹவுஸ்களின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1950-களின் மத்தியில் காபி போர்டு தன் கடைகளை மூட முற்பட்டது. வேலை இழந்த ஊழியர்கள் ஏ.கே. கோபாலனின் வழிகாட்டுதலில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துக் கடைகளைத் தாங்களே நடத்தத் தொடங்கினார்கள். 1957-ல் பெங்களூரிலும் டில்லியிலும் ஆரம்பமாயிற்று. காபி கொண்டுவந்து வைத்தவரே கடைக்குப் பங்குதாரர்! இதை அப்போதே யோசித்திருந்தால் பின்னால் அந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பெண் பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தாள். நல்ல சம்பளம். 2017-ல் ஒரு நாள் போன் பண்ணி, "அப்பா, வேலையை விட்டுட்டேன். காபி வறுக்கற ஒரு சின்ன கம்பெனியில சேர்ந்திருக்கேன்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில், "காபிக்கொட்டை வறுக்கவா உன்னை எம்.டெக். படிக்க வெச்சேன்? நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?" என்று கத்தினேன். அவள் பதிலே சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள். எட்டு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நடுவில் கிடந்து தவித்தவள் என் ஆத்துக்காரி.

அடுத்த வருஷம் ஒரு கல்யாணத்துக்காக மும்பை போயிருந்தோம். மாதுங்காவில் ஒரு பழைய ஹோட்டலில் காலைக் கூட்டத்தில் நின்றுகொண்டு காபி குடித்தேன். காபி கலக்குமிடத்தில் ஒரு பையன், பதினெட்டு வயது இருக்கும், பாலை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற ஆத்துக்காரி மெதுவாகச் சொன்னாள்: "உங்க பெரியப்பா இப்படித்தானே நின்னிருப்பார்?"

அவள் வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பெரியப்பா பதினாறு வயதில் ஊரைவிட்டு பம்பாய்க்கு ஓடி, அதே மாதுங்காவில் ஒரு ஹோட்டலில் டம்ளர் கழுவி, பிறகு காபி கலந்து பிழைத்தவர். அவர் அனுப்பிய மணியார்டரில்தான் எனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டினார்கள். நான் ஆபீசர் ஆனதும் காபி. என் பெண்ணிடம் கத்தியதும் காபி. அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் பண்ணினேன். "உன் வேலையைப் பார்க்க வரலாமா?" என்று கேட்டேன்.

போனோம். பச்சைக் கொட்டையிலிருந்து ஆரம்பித்தாள். அதற்குக் காபி வாசனையே கிடையாது, புல் வாசனைதான். 200 டிகிரிக்கு அருகில் பொரி பொரிவதுபோல் படபடவென்று சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தத்திலிருந்து எத்தனை நொடியில் இறக்குகிறோம் என்பதில்தான் சூட்சுமம். சீக்கிரம் இறக்கினால் பழங்களில் உள்ள சிட்ரிக், மாலிக் அமிலங்களின் புளிப்பு நிற்கும். அதிகம் வறுத்தால் கசப்பு மேலோங்கும். "அப்பா, நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவாதானே, இதெல்லாம் உங்க சப்ஜெக்ட்" என்றாள். ஐம்பது வருஷம் கழித்து என் பட்டம் பயன்பட்டது!

பிறகு ருசி பார்க்கும் சடங்கு. வரிசையாகக் கிண்ணங்கள். ஸ்பூனில் எடுத்துச் சத்தம் போட்டு உறிஞ்ச வேண்டும். அப்போதுதான் வாசனை மூக்கின் உள்பக்கம் வரை ஏறும். அடுத்த கிண்ணத்துக்குப் போகுமுன் ஸ்பூனை வெந்நீரில் அலம்புகிறார்கள். உறிஞ்சுவதற்குத் திட்டு, எச்சிலுக்கு இன்னொரு திட்டு என்று என் அம்மா இருந்திருந்தால் இரண்டு வாங்கியிருப்பேன். இப்படி ருசி பார்த்து 100-க்கு 80-க்குக் குறையாமல் மதிப்பெண் பெற்றால்தான் "ஸ்பெஷாலிட்டி காபி". எர்னா க்னுட்சன் என்ற அம்மையார் 1974-ல் ஒரு வணிகப் பத்திரிகையில் பயன்படுத்திய சொல் இது. நான் இன்ஃப்யூஷனைக் கஷாயம் என்று தள்ளிய அதே வருஷம்!

அதிலிருந்து எந்த ஊர் போனாலும் ஒரு காபிக் கடை பார்ப்பது வழக்கமாயிற்று. டில்லியில் 2013-ல் தொடங்கிய ப்ளூ டோக்காய் கடைக்குப் போனேன். அந்த "டோக்காய்" வேறொன்றுமில்லை, மயில் தோகைதான்! சர்தார்ஜி பையன் ஒருவன் 15 கிராம் பொடியை எடைபோட்டு, முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அரை நிமிஷம் நிறுத்தினான். ஏன் என்று கேட்டேன். கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு வெளியேற வேண்டும் என்றான். சரியான பதில். நம் ஃபில்டரில் பொடியை அமுக்கிச் சூடான நீர் விட்டு, சொட்டுச் சொட்டாக இறங்கக் காத்திருப்பதும் இதே விஞ்ஞானம்தான். பாட்டிக்கு வாயு என்று தெரியாது, பொறுமை தெரியும்.

பெங்களூர் இந்திராநகரில் அரக்குக் காபிக் கடை. ஆந்திராவின் கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஆதிவாசி விவசாயிகள் விளைவிப்பது. 2017-ல் பாரிஸில் கடை போட்ட பிறகுதான் 2021-ல் பெங்களூருக்கு வந்தது. அரக்கு, கூர்க், சிக்மகளூர், பாபாபுடன்கிரி அராபிகாக்களுக்கும் வயநாடு ரோபஸ்டாவுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. எழுபது வருஷம் தினமும் இரண்டு வேளை குடித்தவன், அது எந்த மலையில் யார் கையால் பறிக்கப்பட்டது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

குறைகளும் உண்டு. ஒரு கப் முந்நூறு ரூபாய் என்றால் மனசு பகீர் என்கிறது. நாற்காலிகள் நம் முழங்காலுக்கு ஆகாது. பாட்டுச் சத்தம் ஜாஸ்தி. நான் கேட்டுக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன், மரியாதையாகக் குறைத்தார்கள். சர்க்கரை வியாதிக்காரனான எனக்கு ஒரு லாபமும் கிடைத்தது. நல்ல கொட்டையானால் பாலும் சர்க்கரையும் இல்லாமலே குடிக்க முடிகிறது. ஆனால் மாலை நாலு மணிக்கு மேல் வேண்டாம், தூக்கம் போய்விடும். வீட்டில் காலைக் காபி? அது என்றைக்கும் ஃபில்டர்தான். அதில் சமரசம் இல்லை.

கடைசியாக ஒன்று. உங்கள் ஆத்துக் குழந்தைகளும் நாம் நினைக்காத வேலைக்குப் போகலாம். சமையல், போட்டோ, விவசாயம், ஏதோ ஒன்று. கத்துவதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். எட்டு மாதம் என்பது என் வயதில் சின்னக் காலம் இல்லை.

கூட்டம் முடிந்ததும் வாசலில் காபி தயாராக இருக்கிறது. குடிப்பதற்கு முன், அதைக் கலந்தவரின் பெயரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள். நமஸ்காரம்.