தண்ணீரில் மூச்சுமுட்டும் மீன்

பனையேறிக் கெண்டையைக் குளத்துக்கும் வயலுக்கும் பக்கத்தில் வாழ்கிறவர்கள் அறிவார்கள். பெயரில் கெண்டை இருந்தாலும் அது கெண்டைக் குடும்பத்து மீன் இல்லை. முரட்டுச் செதில், செவுள் மூடியின் விளிம்பில் வரிசையாக முட்கள், தரையில் போட்டாலும் எளிதில் சாகாத உடம்பு. தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனியின் பணியில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி, 1791இல் குளத்தோரப் பனைமரம் ஒன்றின் பட்டை இடுக்கில், நீர்மட்டத்துக்கு 5 அடி மேலே இந்த மீனைப் பிடித்ததாக எழுதி வைத்தார். லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் 1797இல் அது அச்சேறியது. அன்றிலிருந்து இந்த மீனைப் பற்றிப் பேசினாலே, மரம் ஏறுமா ஏறாதா என்பதுதான் பேச்சு. காகமோ பருந்தோ கவ்விப்போய் மரத்தில் விட்டுவிட்ட மீனாக இருக்கலாம் என்று பின்வந்தவர்கள் சொன்ன விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் மரத்தைவிட வியப்பான செய்தி தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. வளர்ந்த பனையேறியை மேற்பரப்புக்கு வரவிடாமல் வலைக்கு அடியில் அடைத்து வைத்தால், அது மூச்சுத் திணறிச் செத்துவிடும். செவுள் உள்ள ஒரு மீன் தண்ணீரில் மூழ்கிச் சாவதா என்று கேட்கத் தோன்றும். வெப்ப நாட்டுக் குளத்து நீரின் இயல்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அந்த உடம்பு வேறு எப்படியும் அமைந்திருக்க முடியாது என்பதே என் வாதம்.

முதலில் நீரைப் பார்ப்போம். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் இருக்கிறது. 30 டிகிரி சூடுள்ள நன்னீரில், கரையக்கூடிய அளவு முழுக்கக் கரைந்தாலும், லிட்டருக்குச் சுமார் 5 மில்லிலிட்டர்தான் தேறும். நீர் சூடாகச் சூடாக அதுவும் குறையும். போதாததற்கு, தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வாய் வழியாக வாங்கிச் செவுள் வழியாகத் தள்ளிக்கொண்டே இருப்பது பெரிய உழைப்பு. இத்தனை குறைவைச் சமாளிக்கத்தான் மீனுக்குச் செவுள் அவ்வளவு நேர்த்தியாக அமைந்திருக்கிறது. செவுள் இழைகளின் மேல் நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. அவற்றுக்குள் இரத்தம் ஒரு திசையில் ஓட, வெளியே நீர் எதிர்த் திசையில் ஓடுகிறது. அதனால் தகட்டின் தொடக்கம் முதல் கடைசி வரை இரத்தத்தைவிட நீரிலேயே ஆக்சிஜன் மிகுந்திருக்கும். அது உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடும் ஆற்றில் இது அருமையான ஏற்பாடு. தேங்கிய குளத்தில் நிலைமை வேறு. பகலில் ஆக்சிஜனைத் தந்த பாசியும் நீர்ச்செடியும் இரவில் தாமே அதைச் செலவழிக்கின்றன. அடியில் அழுகும் இலைதழையும் சேர்ந்து உறிஞ்ச, விடியலுக்குச் சற்று முன் நீர் வெறுமையாகிவிடுகிறது. பண்ணைக் குட்டைகளில் கட்லாவும் ரோகுவும் அதிகாலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அதனால்தான். மீன் வளர்ப்பவர்களுக்கு அது அபாய அறிகுறி.

அப்படியானால் செவுளை இன்னும் பெரிதாக்கிக்கொண்டால் போதாதா? போதாது. செவுள் பெரிதானால் இழப்பும் பெரிதாகும். நன்னீர் மீனின் இரத்தம் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்தது. மெல்லிய செவுள் தோல் வழியே நீர் ஓயாமல் உள்ளே புகுகிறது, உப்பு ஓயாமல் வெளியே கசிகிறது. ஆகவே நன்னீர் மீன் தண்ணீரைக் குடிப்பதே மிகக் குறைவு. அதன் சிறுநீரகம் புகுந்த நீரைத் தெளிந்த சிறுநீராக வெளியேற்றியபடி இருக்கிறது. செவுளிலேயே உள்ள தனி உயிரணுக்கள், நீரில் கரைந்த சொற்ப உப்பை ஆற்றல் செலவழித்து உள்ளே இழுக்கின்றன. இதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. நீரில் ஆக்சிஜன் இரத்தத்தில் உள்ளதைவிடக் குறைந்துவிட்டால், அதே செவுள் வழியாக ஆக்சிஜன் வெளியே போகத் தொடங்கும். மேலே வந்து காற்றிலிருந்து சேர்த்ததைக் கீழே போய் நீருக்குத் தாரை வார்க்க நேரும். எனவே காற்றை நம்பும் மீன் செவுளைச் சுருக்கிக்கொள்வதே பொருத்தம். பனையேறியின் செவுள் அதன் உடல் எடைக்குச் சிறியது. செவுளுக்கு மேலே ஓர் அறை. அதனுள் முதல் செவுள் வளைவிலிருந்து வளர்ந்த எலும்பு, கோழிக்கொண்டைப் பூவைப்போல் மடிந்து மடிந்து நிற்கிறது. அதன்மேல் போர்த்திய மெல்லிய தோலில் இரத்த நுண்குழாய்கள் நெருங்கி ஓடுகின்றன. மீன் மேலே வந்து விழுங்கும் காற்று இங்கேதான் தங்குகிறது. இங்கே ஆக்சிஜன் ஏற்ற இரத்தம் நேராக உடலுக்குப் போவதில்லை. சிரைகளில் கலந்து, ஓர் ஆரிக்கிளும் ஒரு வென்ட்ரிக்கிளும் மட்டுமே உள்ள இதயத்துக்குத் திரும்பி, பின்பகுதிச் செவுள் வளைவுகள் வழியாக உடலுக்குச் செல்கிறது. நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் கலந்துபோவது நம் கண்ணுக்குக் குறையாகத் தெரியலாம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு நீரில் எளிதாகக் கரையும். அதன் பெரும்பகுதியும், கழிவான அம்மோனியாவும் செவுள் வழியேதான் வெளியேறுகின்றன. ஆகவே வாங்குவது காற்றிடம், விடுவது தண்ணீரிடம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இந்த மீன் தரைக்கு வரப் பாதி வழி வந்து நிற்கும் உயிர்தானே, நம் முன்னோர் நடந்த பாதையில்தானே இதுவும் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மழை இரவில் செவுள் மூடியை விரித்து முட்களை மண்ணில் ஊன்றி, வாலால் உந்தி அடுத்த குட்டைக்கு ஊர்ந்து போவதைப் பார்த்தால் அந்த எண்ணம் இயல்பாகவே வரும். உடற்கூறு அதை ஏற்கவில்லை. நம் நுரையீரல் முன்குடலிலிருந்து பிரிந்து வளர்ந்தது. எலும்பு மீன்களின் பழைய முன்னோரிடமே அப்படி ஒன்று இருந்திருக்கிறது; பெரும்பாலான மீன்களில் அது மிதப்பதற்கான காற்றுப்பையாக மாறிவிட்டது. பனையேறியின் முன்னோரிடமும் அது காற்றுப்பையாகிவிட்ட பிறகே, செவுள் எலும்பிலிருந்து வேறோர் உறுப்பு புதிதாகப் பிறந்தது. மற்ற மீன்களையும் பாருங்கள். விராலுக்குச் செவுளுக்கு மேல் எளிய அறை. தேளிக்கு முதுகுத் தசைக்குள் வால் பக்கமாக நீளும் இரண்டு குழாய்ப் பைகள். அயிரையின் உறவு மீன்கள் சிலவற்றில் குடலே மூச்சு உறுப்பு. ஒரே பாதையின் படிகள் என்றால் உறுப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். நாலு குடும்பங்கள் நாலு இடத்தில் நாலு விதமாகச் செய்துகொண்டிருப்பதால், காரணம் தரையின் அழைப்பில் இல்லை, சேற்று நீரின் வறுமையில் இருக்கிறது என்று கொள்வதே நியாயம். இவை நல்ல நீர்வாழ் உயிர்கள். நீரிலேயே இருப்பதற்காகக் காற்றை எடுத்தன.

இவ்வளவு பயன் தருவது ஏன் எல்லா மீனுக்கும் வாய்க்கவில்லை என்று கேட்கலாம். மேலே வரும் ஒவ்வொரு முறையும் கொக்குக்கும் நாரைக்கும் வலைக்கும் முகம் காட்ட வேண்டியிருக்கிறது. நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் கொண்டுவந்து விடப்பட்ட டிரவுட் மீனுக்கு, ஆக்சிஜன் நிறைந்த நீர் எப்போதும் கிடைப்பதால் அந்த ஆபத்தை ஏற்கக் காரணமே இல்லை.

இன்னொரு மறுப்பைத்தான் நான் கவலையோடு கேட்கிறேன். காற்றைக் குடித்து வாழும் மீனுக்குக் குளம் கெட்டால் என்ன, எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள். வளர்ந்த மீன் ஆக்சிஜன் குறைவைத் தாங்கும், உண்மை. ஆனால் உப்பை இழுக்கவும் அம்மோனியாவைக் கழிக்கவும் அதன் செவுள் அந்த நீரில்தான் நனைந்து கிடக்கிறது. வயலில் தெளித்த நஞ்சு வரும் வழியும் அதுவே. ஆகாயத்தாமரை குளத்தை முழுக்க மூடினால் காற்றை எட்டும் வழியும் அடைபடும். குஞ்சுகளின் நிலை இன்னும் மோசம். பனையேறியின் முட்டைகள் எண்ணெய்த் துளியோடு மேற்பரப்பில் மிதக்கின்றன, தாய் காவல் காப்பதில்லை. பொரித்து வரும் குஞ்சுக்கு அந்த மடிப்பு எலும்பு இன்னும் உருவாகியிருக்காது. அது வளர்ந்து முடியும்வரை, தோலாலும் பிஞ்சுச் செவுளாலும் தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை மட்டுமே எடுத்து அது உயிர் வாழ வேண்டும்.