பெட்டிக்கு வெளியே வைக்க வேண்டியவை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று எதிர்பார்ப்பது நியாயம். என் வேலையில் பாதி இப்போது கணினிகளோடு. ஆகவே இன்று வைத்தியசாலைக் கணினிகளைப் பற்றியும், அவற்றோடு நான் செய்த ஒரு தவறைப் பற்றியும் பேசுகிறேன். கணினி தெரியாதவர்களும் பயப்பட வேண்டாம். எங்கள் காலத்தில் காரியாலயத்தில் துணி போர்த்திய ஒரேயொரு கணினி இருந்தது. அதைத் தொடாமலேயே உயர்தரம் முடித்து வெளியேறியவள் நான். எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

வைத்தியருக்குக் கணினியோடு என்ன வேலை என்று என் அம்மாவே கேட்டார். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 2009இல் வைத்தியர்களுக்கென்றே மருத்துவத் தகவலியல் முதுமாணிப் படிப்பைத் தொடங்கியது. அதன் பலனை நாடு 2020இல் கண்டது. சனவரி 27இல் இலங்கையின் முதலாவது கொரோனா நோயாளி இனங்காணப்பட்ட நாட்களிலேயே, வெளிநாட்டிலிருந்து வருவோரைப் பின்தொடரும் பதிவு முறையை இங்குள்ளவர்கள் உருவாக்கினார்கள். அதற்கு அடிப்படை, ஒஸ்லோ பல்கலைக்கழகம் உருவாக்கிய இலவச மென்பொருள். நம்மவர்கள் செய்ததைப் பார்த்துப் பிற நாடுகளும் எடுத்துக்கொண்டன. நம் நாட்டாலும் முடியும் என்ற தைரியம் எனக்கு அப்போதுதான் வந்தது.

இனி என் கதை. நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலையில் நாற்பத்து மூன்று கணினிகள் இருந்தன. வெளிநோயாளர் பிரிவு, மருந்தகம், ஆய்வுகூடம், வார்டுகள் என்று எங்கும் பரந்து கிடந்தன. எந்தக் கணினி எந்த அச்சுப்பொறிக்கு அனுப்ப வேண்டும், திறந்தவுடன் எந்தப் பக்கம் வர வேண்டும், நேரம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் போய்ப் பார்க்க ஆள் கிடையாது. அதற்குத்தான் 'பப்பட்' என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். 2005இல் லூக் கேனிஸ் என்பவர் தொடங்கியது. எல்லாக் கணினிகளும் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஒரு சேர்வரில் ஒருமுறை எழுதி வைப்போம். ஒவ்வொரு கணினியும் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தானாக வந்து, "நான் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்கும். சரியாக இருந்தால் எதுவும் நடக்காது. பிசகியிருந்தால் அதை மட்டும் திருத்திக்கொள்ளும். நமது விடுதியில் காலையில் கட்டில்களைப் பார்த்துவரும் மேற்பார்வையாளரை நினைத்துக்கொள்ளுங்கள். மடித்த போர்வையை அவர் மறுபடி மடிக்கச் சொன்னதில்லை.

அந்தச் சேர்வரை எங்கே வைப்பது? வைத்தியசாலையில் இருந்தது ஒரே ஒரு நல்ல இயந்திரம். அதில் நோயாளர் பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குத் தேவையானது மற்றதற்கு ஆகாது. ஒன்றின் புதிய பதிப்பு மற்றதைக் கெடுத்துவிடும். ஆகவே பப்பட் சேர்வரை ஒரு கொள்கலனுக்குள் வைத்தேன்.

கொள்கலன் என்றால் துறைமுகத்தில் காணும் அதே பெயர்தான். நம் தாத்தா காலத்தில் பதுளைத் தேயிலை மரப்பெட்டிகளில் ரயிலேறிக் கொழும்புக்குப் போய், ஒவ்வொரு பெட்டியாகக் கப்பலில் ஏறியது. 1956இல் மல்கம் மக்லீன் என்ற அமெரிக்க லொறி முதலாளி ஐம்பத்தெட்டு உலோகக் கொள்கலன்களை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். உள்ளே என்ன இருந்தாலும் வெளி அளவு ஒன்று. லொறியும் கப்பலும் பாரந்தூக்கியும் அதை ஒரே மாதிரிக் கையாளலாம். 2013இல் வெளிவந்த 'டொக்கர்' இதையே மென்பொருளுக்குச் செய்தது. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, எந்த இயந்திரத்திலும் ஓடவிடலாம். பக்கத்துப் பெட்டியோடு சண்டை வராது. பழையது சரியில்லை என்றால் எறிந்துவிட்டுப் புதியதை வைக்கலாம்.

எறிந்துவிடலாம் என்பதில்தான் நான் விழுந்தேன்.

பப்பட் சேர்வரோடு எந்தக் கணினியும் சும்மா வந்து பேச முடியாது. அதற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். சேர்வர் தன் சொந்தக் கையொப்பத் திறவுகோலால் ஒவ்வொரு கணினிக்கும் சான்றிதழ் கொடுக்கும். கணினியும் வழங்கிய சேர்வரின் அடையாளத்தைத் தன்னிடம் வைத்திருக்கும். இரண்டு பக்கமும் பொருந்தினால்தான் பேச்சு.

ஒரு நீண்ட வார விடுமுறையில், வைத்தியசாலை அமைதியாக இருக்கும் நேரம் பார்த்து, சேர்வருக்குப் புதிய பதிப்புப் போட்டேன். பழைய கொள்கலனை அழித்தேன், புதியதைத் தொடங்கினேன். இரண்டு நிமிட வேலை. பச்சை விளக்கு எரிந்தது. வீட்டுக்குப் போய்விட்டேன். கொள்கலனை நிறுத்தினால் உள்ளே எழுதியது இருக்கும். அழித்தால் உள்ளே எழுதிய எல்லாம் அதோடு போகும். கையொப்பத் திறவுகோலுக்கு வெளியே இடம் ஒதுக்க நான் மறந்திருந்தேன். அதற்குப் பிரதியும் இல்லை. புதிய கொள்கலன் தனக்கொரு புதிய திறவுகோலை உண்டாக்கிக்கொண்டு, அதே பெயரில் உட்கார்ந்திருந்தது. நாற்பத்து மூன்று கணினிகளும் அரை மணிக்கொருமுறை வந்தன. "உன்னை எனக்குத் தெரியாது" என்று திரும்பிப் போயின.

இதில் சத்தம் எதுவும் எழாது என்பதுதான் ஆபத்து. கணினிகள் முன்பிருந்தபடியே ஓடின. எவரும் முறையிடவில்லை. ஆனால் திங்கட்கிழமை ஆய்வுகூட அறிக்கைகள் அச்சாகும் இடம் மாறியது. அந்த மாற்றத்தை நான் சேர்வரில் எழுதியிருந்தேன். எழுதினேன், ஆகவே போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தேன். அறிக்கைகள் பூட்டிய பழைய அறையில் அச்சாகிக்கொண்டிருந்தன.

செவ்வாய்க்கிழமை மடூல்சீமைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். இருட்டோடு எழும்பி பஸ் பிடித்து வந்தவர். "அறிக்கை வரவில்லை, அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பப்பட்டார். போகும்போது அவர் தாதியிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "இன்னைக்கும் ஒரு பேர் போச்சு, அடுத்த வாரமும் ஒரு பேர் போகும் மிஸ்." தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பேர் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு நாள் முழுக் கூலி. என் தாயும் அந்தக் கணக்கில்தான் என்னைப் படிக்க வைத்தார். அறிக்கையைத் தேடி எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன். பஸ் போய்விட்டிருந்தது.

பிறகு மூன்று நாட்கள், கொப்பி ஒன்றோடு ஒவ்வொரு கணினியாகப் போனேன். பழைய சான்றிதழை அழித்து, புதியது கேட்கவைத்து, சேர்வரில் ஒப்பமிட்டேன். நாற்பத்திரண்டு சரிவந்தன. வார்டு ஒன்றிலிருந்த பழைய கணினி மட்டும் மறுத்துக்கொண்டே இருந்தது. அதற்குள்ளிருந்த சிறிய வட்ட பட்டரி செத்திருந்தது. மின்சாரம் போய் வந்ததும் அது பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அதன் கணக்கில் என் புதிய சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை. கடையில் வாங்கிய பட்டரியோடு அதுவும் சரியானது.

சான்றிதழ் என்ற சொல்லின் பாரம் இந்த மண்டபத்தில் பலருக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. மலையை வெட்டித் தேயிலை நட்டவர்களிடம் காட்டக் காகிதம் இருக்கவில்லை. 1964இல் இரண்டு பிரதமர்கள் கூடி எத்தனை இலட்சம் பேர் எந்த நாட்டுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. எங்கள் தாத்தா லயத்துக் காம்பறாவில் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். மழை ஒழுகினால் முதலில் நகர்த்துவது அதைத்தான். ஆனால் பெட்டி ஒன்று, பிரதி இல்லை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது நான் நினைத்தது அந்தப் பெட்டியைத்தான். உயிர்களை மீட்க முடியாது. பிறப்புப் பதிவு பிரதேச செயலகத்திலும் இருந்தால் காகிதத்தையாவது மீண்டும் எடுக்கலாம்.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை சில. கொள்கலனுக்குள் சேர்வரை இயக்கும் தங்கைமார் இங்கே இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். எறியக்கூடியது மென்பொருள் மட்டும். கையொப்பத் திறவுகோல், வழங்கிய சான்றிதழ்கள், நாம் எழுதிய விதிகள் ஆகிய மூன்றும் கொள்கலனுக்கு வெளியே இருக்க வேண்டும், இன்னொரு இயந்திரத்தில் பூட்டிய பிரதியும் வேண்டும். கொள்கலனுக்கு நிலையான பெயர் கொடுங்கள். கொடுக்காவிட்டால் டொக்கர் எண்ணும் எழுத்துமாய் ஏதோ ஒன்றை வைக்கும், சான்றிதழும் அந்தப் பெயரில் பிறக்கும், கணினிகள் ஏற்காது. நினைவகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அந்தச் சேர்வர் தனக்கென்றே இரண்டு கிகாபைட் கேட்கும். எந்தக் கணினி ஒரு நாளாக வந்து பேசவில்லை என்று காலையில் ஒரு பட்டியல் உங்கள் மேசைக்கு வரவேண்டும். அது இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு ஒரு பேர் மிஞ்சியிருக்கும்.

கடைசியாக, ஒத்திகை. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வேறொரு இயந்திரத்தில் பிரதியை வைத்துக் கொள்கலனை வேண்டுமென்றே அழித்து மீட்டுப் பார்க்கிறோம். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு தாதியும் ஒரு லிகிதரும் எழுதி வைத்த தாளைப் பார்த்துச் செய்வார்கள். அவர்கள் தடுமாறும் இடத்தில் தாளைத் திருத்துவோம். முதன்முறை ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. இப்போது மதியத் தேநீருக்கு முன் முடிகிறது. நான் இடமாற்றம் பெற்றுப் போனாலும் அது நடக்கும்.

அக்காமாரே, தங்கைமாரே, நூறாண்டு கண்ட நமது கல்லூரிக்கும் இப்படித் திறவுகோல்கள் உண்டு. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் வயதுக்கும் பெயருக்கும் சில நேரம் பள்ளிச் சேர்வு இடாப்பு ஒன்றுதான் சாட்சி. என் பெரியம்மாவின் அடையாள அட்டைக்கு உதவியது அவருடைய விடுகைப் பத்திரம். இந்த மலரை வாசிக்கும் நீங்கள் லண்டனிலோ டொரொண்டோவிலோ பசறையிலோ இருக்கலாம். அதிபர் அவர்கள் அனுமதித்தால், பழைய இடாப்புகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, பூட்டிய இரண்டு பிரதிகளை இரண்டு ஊர்களில் வைக்கும் வேலையை இந்த ஆண்டே தொடங்குவோம். விடுமுறையில் பதுளைக்கு வந்து பத்து நாள் இருந்து செய்ய நான் ஆயத்தம். என்னோடு இன்னும் நான்கு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் கொப்பியோடு நிற்பேன்.