டீசல் வண்டிக்கு ஒரு வாயிற்காவலன்

(தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து, தலைவிளக்கின் ஒளியில் மரம் வெட்டும் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: மங்கில் வடிந்த பால் யாருக்காகவும் காத்திராது. சில மணி நேரத்தில் அது கட்டிப்பட்டுவிடும். அம்மோனியா சேர்த்தால் சற்றுத் தாமதிக்கும், அவ்வளவுதான். ஆகவே, அந்தப் பாலைச் சேர்ப்பிக்கும் வண்டி வழியில் நின்றுவிட்டால், உங்கள் காலை உழைப்பும் அங்கேயே நின்றுவிடுகிறது. நோயாளியை மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்வதும் பெரும்பாலும் அதே டீசல் பிக்கப் வண்டிதான். அவ்வண்டிக்கு இரண்டாவது எரிபொருள் வடிகட்டி ஒன்றைப் பொருத்துவது பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றினுள் டீசலைப் பீய்ச்சி அடித்ததும் அது தானே பற்றிக்கொள்கிறது. இக்காலத்துப் பிக்கப் வண்டிகளில் டீசல் 1,600 பார் அளவுக்கும் அதற்கு மேலும் அழுத்தப்படுகிறது. உங்கள் வண்டிச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தமோ ஏறக்குறைய 2 பார் மட்டுமே என்பதை எண்ணிப் பாருங்கள். இவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் பம்பிலும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரிலும், உட்பாகங்களுக்கு இடையேயுள்ள இடைவெளி சில மைக்ரோன்களே. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன். அப்படியாயின், கண்ணுக்குத் தெரியாத தூசியும் அங்கே பாறாங்கல்லே ஆகும். தண்ணீரோ அதனினும் கொடியது. டீசலே அப்பாகங்களுக்கு மசகு எண்ணெயாகவும் பயன்படுகிறது. தண்ணீர் புகுந்தால் அந்த வழவழப்புப் போய்விடும், துருவும் ஏறும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? பாதி காலியான தொட்டியில் பகலின் ஈரக்காற்று நிறைந்திருக்கும். இரவுக் குளிரில் அது துளித்துளியாகப் படியும். தோட்டத்தில் டீசல் டிரம்களை மழையில் நிமிர்த்தி வைப்பது மற்றொரு காரணம். டிரம்மின் தலைப்பகுதியில் மழைநீர் தேங்கி நிற்க, உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும்போது, மூடியின் இடுக்கு வழியே அந்த நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மூடியை எவ்வளவு முறுக்கினாலும் இது நேரலாம். ஆகவே டிரம்மைக் கூரையின்கீழ் வையுங்கள். அல்லது படுக்கவைத்து, மூடிகள் இரண்டும் டீசலில் மூழ்கியிருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் 2011 முதல் படிப்படியாகக் கலக்கப்பட்டு வந்தது. 2019இல் போக்குவரத்துத் துறைக்கு அது 10 விழுக்காடாக உயர்ந்தது. இது நம் மண்ணின் விளைபொருளுக்குப் பெருமை தருவதே. ஆனால் இக்கலவை ஈரத்தைச் சற்று அதிகமாக ஏற்கும் தன்மையது. பழைய தொட்டியில் ஒட்டிய அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். எரிபொருளின்மீது பழி சொல்லுவதைவிட, வடிகட்டியைக் கவனிப்பதே அறிவுடைமை.

இனி, எத்தகைய வடிகட்டி வேண்டும்? தண்ணீரைப் பிரிக்கும் வகையே நமக்கு வேண்டியது. அதன் அடியில் கண்ணாடிபோல் தெளிந்த கிண்ணமும் வடிகுழாயும் இருக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானதால், கிண்ணத்தின் அடியில் தங்கி, உங்கள் கண்ணுக்கே தெரியும். வண்டியோடு வந்த வடிகட்டியை அகற்றலாகாது. புதியது தொட்டிக்கும் பழைய வடிகட்டிக்கும் இடையில் நிற்கும் வாயிற்காவலன். நுண்ணிய தூசியைத் தடுப்பது பழையதன் வேலை. ஆதலின் புதியது 30 மைக்ரோன் அளவுடையதாக இருந்தால் போதும். மிக நுண்ணியதை முன்னால் வைத்தால் அது விரைவில் அடைபடும். இயந்திரமும் டீசலின்றித் திணறும். உங்கள் இயந்திரம் இழுக்கும் டீசலின் அளவுக்கு அது ஈடுகொடுக்குமா என்பதையும் கடைக்காரரிடம் கேட்டறியுங்கள். புதிய வண்டியாயின், உத்தரவாதம் பாதிக்கப்படுமா என்று விற்பனையாளரிடம் முன்னரே விசாரித்தல் நலம்.

தோழர்களே! நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். பிழையைச் சொல்லிக்கொடுப்பதும் பாடமே என்பதால், என் பிழையொன்றை மறைக்காமல் சொல்லுகிறேன். தோட்டப்பள்ளி ஒன்றில் பணியாற்றிய காலத்தில், என் பழைய பிக்கப் வண்டிக்கு நானே இத்தகைய வடிகட்டியைப் பொருத்தினேன். வீட்டில் கிடந்த தண்ணீர்க் குழாய்த் துண்டையும் மலிவான கிளிப்பையும் பயன்படுத்தினேன். மறுநாள் முதல், காலையில் வண்டி நெடுநேரம் சுற்றிய பின்னரே கிளம்பியது. ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகாததால் நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. பத்து நாள் கழித்து, மூச்சிரைப்பால் துடித்த ஒரு மாணவனை, அவன் தாயோடு ஏற்றிக்கொண்டு இரவில் மருத்துவமனைக்குப் புறப்பட்டேன். செம்மண் மேட்டில் ஏறும்போது வண்டி நின்றது. எவ்வளவு முயன்றும் கிளம்பவில்லை. இருட்டில், அந்தத் தாய் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் மகனின் மார்பைத் தடவிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த லோரிக்காரர் ஒருவர் அவர்களை ஏற்றிச் சென்றார். பையன் பிழைத்தான். ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தை நான் இன்றளவும் மறக்கவில்லை.

நடந்தது என்ன? என் வண்டியில் இயந்திரத்தின் பம்பு தொட்டியிலிருந்து டீசலை உறிஞ்சி இழுத்தது. அவ்வாறு உறிஞ்சும் குழாயில் இடுக்கு இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்றுத்தான் உள்ளே புகும். இரவில் டீசல் தொட்டிக்கே திரும்பி வடிந்துவிடும். காலையில் தாமதமாகக் கிளம்பியது அதன் எச்சரிக்கையே. மேட்டில் டீசல் அதிகம் வேண்டியபோது காற்று முந்திக்கொண்டது. ஐந்து வெள்ளிக் கிளிப்பில் நான் காட்டிய சிக்கனம் ஓர் உயிரோடு விளையாடியது.

ஆகவே, பொருத்தும் முறையைக் கவனமாகக் கேளுங்கள். இயந்திரம் ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுங்கள். சிகரெட் நெருப்பு அருகில் வரலாகாது. புகைக்குழாயின் சூட்டுக்கு அப்பால், கல்லடி படாத, கை எட்டும் உறுதியான இடத்தில் வடிகட்டியைப் போல்ட் முடுக்கி நிறுத்துங்கள். கிண்ணத்தின்கீழ் ஒரு பாத்திரம் வைக்க இடம் வேண்டும். டீசலுக்கென்றே செய்யப்பட்ட ஹோஸையும், குழாயைச் சுற்றிலும் ஒரே சீராக இறுக்கும் கிளிப்புகளையும் வாங்குங்கள். ஹோஸை மடியவிடாதீர்கள், கூரிய விளிம்பில் உரசவிடாதீர்கள். வடிகட்டியின் மேலுள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கி இருத்தல் வேண்டும். பம்பிலிருந்து இன்ஜெக்டருக்குச் செல்லும் இரும்புக் குழாய்களை ஒருபோதும் தொடாதீர்கள். அவற்றிலிருந்து சீறும் டீசல் தோலையே துளைத்து உட்புகும். அது பட்டறைக்காரரின் வேலை.

பொருத்தியபின், கைப்பம்பு இருந்தால் அது கெட்டியாகும் வரை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பேட்டரிக் கம்பியை மீண்டும் மாட்டி, ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேற்படாமல் ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். இடையில் ஓய்வு கொடுங்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் ஒவ்வோர் இணைப்பையும் பாருங்கள். அடுத்த நாள் காலை உடனே கிளம்புகிறதா என்பதே இறுதித் தேர்வு. தொட்டிக்குள்ளேயே பம்பு உள்ள வண்டியாயின் குழாயில் அழுத்தம் இருக்கும். அங்கே இடுக்கு இருந்தால் டீசல் ஒழுகிக் காட்டிக்கொடுக்கும்.

அத்தோடு வேலை முடிந்ததென்று எண்ணாதீர்கள். வாரம் ஒரு நாள், மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி, கிண்ணத்தைப் பாருங்கள். தண்ணீர் தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வடித்துவிடுங்கள். வடித்ததைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையில் ஒப்படையுங்கள். உட்பகுதியை மாற்றிய தேதியை ஒரு நோட்டில் குறித்து வண்டியிலேயே வையுங்கள். கிண்ணத்தைப் பார்க்க ஆளில்லாத வீட்டில் இந்த வடிகட்டி இருந்தும் பயனில்லை.

வண்டி ஓட்டும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியில் ஏறுவோர் குழாயையும் கிளிப்பையும் பார்த்து ஏறுவதில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் ஏறுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஈடாக, வாரத்தில் ஐந்து நிமிடம் குனிந்து அந்தக் கிண்ணத்தைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் உரையை முடிக்கிறேன்.