கண் வரியில், மனம் எங்கே?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"முந்தி ஒரே இருப்பில் ஒரு நாவலை முடிப்பன், இப்ப ரெண்டு பக்கம் வாசிக்க ஏலாமல் கிடக்கு." நாங்கள் கூடும் இடங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. வயது போய்விட்டது என்பார் சிலர். கைத்தொலைபேசி கெடுத்துவிட்டது என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் அதையே காரணமாகச் சொல்லிப் பலர் வாசிப்பதையே விட்டுவிட்டார்கள். என் கவலை அதுதான்.

வாசிக்கும்போது மனம் அலைவது புதிய நோயன்று. கண் வரிகளில் ஓடும். மனம் அடுப்படியில் நிற்கும். மனம் விலகியதைப் பல வேளைகளில் நாம் உடனே அறிவதுமில்லை. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட நூலில் இதைப் பற்றி எழுதினார். அலையும் கவனத்தைத் திரும்பத் திரும்ப மீட்டுவரும் ஆற்றலை வளர்க்கும் கல்வியே மேலான கல்வி என்றார். அதை வளர்க்கும் வழியைச் சொல்வது கடினம் என்றும் ஒப்புக்கொண்டார். கவனியுங்கள்: அவர் பேசியது அலையாத மனத்தைப் பற்றியல்ல, திரும்பி வரும் மனத்தைப் பற்றி.

எங்களுக்கு ஒரு வழி தெரியும். 1990களில் வடக்கில் மின்சாரமின்றி ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஒரு பந்தியை வாசித்துவிட்டு, திரியைத் தணித்து, வாசித்ததை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்போம். சொல்ல வராவிட்டால் மனம் வேறெங்கோ போயிருந்தது என்று உடனே தெரிந்துவிடும். ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. பாடத்தைத் திரும்ப வாசித்த மாணவரைவிட, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கே ஒரு வாரத்தின் பின் கூடுதலாக நினைவிருந்தது.

மனம் ஏன் போகிறது என்பதையும் பாருங்கள். செய்யவேண்டிய வேலை நினைவுக்கு வந்தால், பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் குறித்துவிட்டுத் திரும்புங்கள். நூல் கடினமென்றால் அந்தப் பந்தியை உரத்து வாசியுங்கள். களைப்பென்றால் நித்திரை கொள்ளுங்கள். அதற்கு வேறு மருந்தில்லை. நூலிலுள்ள ஒரு வரியே உங்களை உங்கள் அம்மாவிடமோ, விட்டுவந்த வீட்டிடமோ கூட்டிச் சென்றால், கொஞ்சம் போய்வாருங்கள். அதுவும் வாசிப்பின் ஒரு பகுதிதான்.

இழப்பின் பின் வாசிக்க முடியாமற்போனவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களை அவசரப்படுத்த வேண்டாம். பக்கத்தில் இருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள். தூரத்தில் இருந்தால் தொலைபேசியில் வாசியுங்கள்.

மற்றவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இன்றிரவு கைத்தொலைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் வாசியுங்கள். மனம் பத்துத் தடவை ஓடினால் பத்துத் தடவையும் கூட்டி வாருங்கள். இந்தக் கல்லூரி எங்களுக்கு எழுத்தறிவித்தது. அதைக் கைவிடாதிருப்பது எங்கள் பொறுப்பு.