கொடையும் குறையும்



2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் ஒரு பழைய தட்டச்சுப் பிரதி ஏலத்துக்கு வந்தது. குடிக்கு அடிமையானோர் ஒருவர்க்கொருவர் கைகொடுத்து மீளும் வழியைக் கூறும் நூலொன்றின் திருத்தப்படி அது. கைப்படச் செய்த திருத்தங்கள் பக்கங்கள்தோறும் நிறைந்திருந்தன. 'அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்' என்னும் பெயருடன் 1939இல் வெளிவந்த அந்நூலே, அதே பெயரில் இன்று உலகெங்கும் பரந்துள்ள சங்கத்துக்கு ஆதாரம். அப்பிரதி 2.4 மில்லியன் டொலருக்கு விலைபோயிற்று. வாங்கியவர் ஒரு விளையாட்டுக் குழுவின் உரிமையாளர். அவருடைய தந்தையார் குடிக்கு ஆட்பட்டவர். அவரும் குடியினாலும் மருந்தினாலும் ஆட்கொள்ளப்பட்டவர். அவர் பெயர் ஜிம் ஏர்சே. 2025ஆம் ஆண்டு மே மாதம் 21ஆந் திகதி, தமது 65ஆவது வயதில், அவர் காலமானார்.

அவரது குழுவின் பெயர் இண்டியானாபொலிஸ் கோல்ற்ஸ். குதிரைக்குட்டிகள் என்பது அச்சொல்லின் பொருள். அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று சொல்லும் ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைப்பதிலும் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே மிகுதி. நம் நாட்டார் நன்கறிந்த றகர் ஆட்டத்தின் உறவினம் எனலாம்.

ஏர்சே இக்குழுவைத் தந்தைவழிச் சொத்தாகப் பெற்றார். அதனுடன் ஒரு பெரும் பழியும் சேர்ந்தே வந்தது. தந்தை றொபேட் ஏர்சே 1972இல் இக்குழுவைத் தம் வசமாக்கியபோது அது பால்ற்றிமோர் நகரின் செல்லக் குழுவாயிருந்தது. 1984 மார்ச் 28ஆந் திகதி இரவு, நகரத்தார் உறங்கிக்கொண்டிருக்கையில், குழுவின் உடைமைகள் யாவும் லொறிகளில் ஏற்றப்பட்டு இண்டியானாபொலிசுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. குழுவைச் சட்டத்தால் கையகப்படுத்த மேரிலாண்ட் மாநில அரசு முனைந்துகொண்டிருந்த வேளை அது. பால்ற்றிமோர் மக்கள் அவ்விரவை மறக்கவில்லை. அவ்வாண்டிலேயே, 24 வயதில், மகன் ஜிம் குழுவின் பொதுமுகாமையாளரானார். 1997இல் தந்தை மறைந்தபின் 37 வயதில் உரிமையாளரானார். அக்காலத்தில் அந்த லீக்கின் உரிமையாளர்களுள் அவரே வயதில் இளையவர்.

அவர் செய்த முதற் காரியம், ஆட்டம் அறிந்தவரிடம் பொறுப்பை ஒப்படைத்தமை. பில் போலியன் என்னும் அனுபவசாலியைத் தலைமைக்கு அழைத்தார். 1998இல் பேற்றன் மானிங் என்னும் இளைஞரைக் குழு தெரிவு செய்தது. அவ்வாண்டு 16 ஆட்டங்களில் 3 மட்டுமே வெற்றி. அடுத்த ஆண்டு 13 வெற்றி. 2002இல் ரோனி டஞ்சி தலைமைப் பயிற்றுநரானார். 2007 பெப்ரவரி 4ஆந் திகதி, மயாமி நகரில் கொட்டும் மழையில், சிகாகோ பெயர்ஸ் குழுவை 29க்கு 17 என வென்று கோல்ற்ஸ் குழு 'சூப்பர் போல்' கிண்ணத்தைக் கைக்கொண்டது. அக்கிண்ணத்தை வென்ற முதற் கறுப்பினத் தலைமைப் பயிற்றுநர் என்னும் பெருமை டஞ்சிக்குக் கிடைத்தது.

இவையெல்லாம் வெளியுலகம் கண்டவை. உள்ளே வேறொரு போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சத்திரசிகிச்சைகளின் பின் நோவடக்க உட்கொண்ட மருந்துகள் தம்மை அடிமையாக்கிவிட்டன என்பதை 2002இல் அவர் ஒப்புக்கொண்டார். 2014 மார்ச் மாதத்தில் ஓரிரவு போதையில் கார் செலுத்தியமைக்காகப் பொலிசார் அவரைக் கைது செய்தனர். காரினுள் மாத்திரைகளும் 29,000 டொலருக்கு மேற்பட்ட ரொக்கப் பணமும் இருந்தன. அவ்வாண்டு செப்டெம்பரில் குற்றத்தை ஏற்றார்; நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. லீக் அவரை ஆறு ஆட்டங்களுக்கு விலக்கி 500,000 டொலர் தண்டம் அறவிட்டது.

வள்ளுவப் பெருந்தகை ஈகைக்கு அறத்துப்பாலில் ஓரதிகாரம் வகுத்தார். கள்ளுண்ணாமைக்குப் பொருட்பாலில் ஓரதிகாரம் வகுத்தார். இரண்டுக்கும் இடையே எத்தனையோ அதிகாரங்கள் உள்ளன. ஆனால் ஒரே மனிதர் இவ்விரண்டு அதிகாரங்களிலும் ஒருங்கே வாழக்கூடும் என்பதற்கு ஏர்சேயின் வாழ்க்கை சான்று.

அவருடைய கொடையை நோக்குவோம். கிற்றார் வாத்தியங்கள், எழுத்தாளர் ஜாக் கெரூவாக் சுருட்டாளில் தட்டச்சிட்ட நாவற்பிரதி, குத்துச்சண்டை வீரர் முகமது அலியின் வெற்றிப் பட்டி என, கோடிக்கணக்கான பணத்தில் வாங்கிய அரும்பொருள்களைப் பூட்டிவைக்காமல் நகரம் நகரமாகக் கொண்டுசென்று இலவசமாக மக்களுக்குக் காட்டினார். குழுவின் அபிமானிகளுக்குப் பணப் பரிசில் வழங்குவது அவருக்கு விளையாட்டுப்போல. ஆயினும் நான் பெரிதெனக் கருதுவது வேறொன்று. 2020இல் அவரும் அவர் குடும்பத்தாரும் மனநோயையும் போதைப் பிணியையும் சூழ்ந்த இழிவை உதைத்துத் தள்ளுவோம் என்னும் கருத்துடைய ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். பல மில்லியன் டொலர் அதன்வழி மனநல நிலையங்களைச் சென்றடைந்தது. அவ்விழிவின் காரணங்களை ஆராய்வதற்கென இண்டியானாப் பல்கலைக்கழகத்தில் நிறுவனமொன்று அமைக்க 3 மில்லியன் டொலர் கொடுத்தனர்.

பணம் உடையார் பணம் கொடுப்பது அருமையன்று. தன் குறையைச் சபையில் எடுத்துச் சொல்லி, 'நானும் உங்களுள் ஒருவன்' என்று நோயாளர் பக்கம் போய் நிற்பதே அருமை. செல்வர் சொன்னால் ஏழையும் சொல்லத் துணிவான் அல்லவா?

ஆனால் உண்மையை முழுதும் சொல்லவேண்டும். 2014ஆம் ஆண்டுக் கைதைப் பற்றி 2023இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், தாம் வெள்ளையரான பெருஞ்செல்வர் என்பதாலேயே பிடிக்கப்பட்டதாகக் கூறினார். தாமே மன்றில் ஏற்ற குற்றத்துக்கு அது தக்க பேச்சன்று. அவ்வாண்டு டிசம்பரில் அவர் தம் இல்லத்தில் உணர்விழந்து கிடந்தார். மருந்து மிகையாயிருக்கலாமெனப் பொலிஸ் அறிக்கை ஐயுற்றது. கடுமையான சுவாச நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார் என்று குழு அறிவித்தது. அவர் மறைந்தபின், 2025 ஆகஸ்டில், இறுதிக் காலத்தில் அவர் மீண்டும் அப்பழக்கத்தில் வீழ்ந்திருந்தார் என்று அமெரிக்கப் பத்திரிகையொன்று எழுதியது. அது மெய்யாயின், மறைக்காதீர் என்று மற்றவர்க்குச் சொன்னவரே கடைசியில் மறைத்துக்கொண்டார் என்றாகும்.

அதனால் அவருடைய இயக்கம் பொய்யாகிவிடுமா? ஆகாது என்பதே என் எண்ணம். அத்தனை செல்வமும், அத்தனை மருத்துவரும், தாமே நிறுவிய இயக்கமும் இருந்தும் ஒருவரை மறைக்கச் செய்கிறது என்றால், அவ்விழிவு எத்துணை வலியது என்பது அதனால் தெளிவாகிறது. அவர் எடுத்துக்கொண்ட பணி எத்துணை இன்றியமையாதது என்பதும் தெளிவாகிறது.

நேயர்களே, நம்மிடையே ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் நினைவுமலர் வெளியிடும் வழக்கம் உண்டு. பிறப்பு, கல்வி, உத்தியோகம், தருமப் பணிகள் எல்லாம் அதில் இடம்பெறும். அவர் குடியோடு போராடியிருந்தால் அதைப் பற்றி ஒரு வரியும் இராது. இறந்தார்மேல் குறை சொல்லலாகாது என்னும் மரியாதையை நான் மதிக்கிறேன். ஆனால் அம்மலரை வாசிப்போருள் அதே பிணியால் வருந்தும் ஒருவரும் இருப்பார். 'நல்லவர்க்கெல்லாம் இது வருவதில்லை. எனக்கு மாத்திரமே வந்தது' என்று அவர் எண்ணித் தலைகுனிவார். பாடசாலை அதிபர் என்ற முறையில், இத்தகைய வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். தகப்பனாருக்குக் காய்ச்சல் என்பார்கள். பத்து வயதிலேயே குடும்பத்தின் மானத்தைத் தாங்கப் பழகிவிட்ட பிள்ளைகள் அவர்கள். அவர்களை மேலும் கேள்வி கேட்க எனக்கு வாய் எழுவதில்லை.

ஏர்சேயின் மூன்று புதல்வியரும் இப்பொழுது குழுவை நடத்துகின்றனர். 2025 ஜூன் மாதத்தில் மூத்தவர் காளி ஏர்சே கோடன் முதன்மை உரிமையாளரானார். தந்தையுடன் இயக்கத்தைத் தொடங்கி முன்னின்று நடத்தியவர் இன்னொரு புதல்வியான கேலன் ஜாக்சன். தந்தையின் குறையை அறிந்தே வளர்ந்த மகள், அக்குறையையே பிறர்க்கு உதவும் வழியாகக் கொண்டமை நம் சிந்தனைக்குரியது.

ஒருவரை நினைவுகூரும்போது அவருடைய கொடையை உரத்தும் குறையை மெல்லவும் சொல்வது நம் இயல்பு. இரண்டையும் ஒரே குரலில், அன்பு குறையாமல் சொல்லப் பழகுவோமாயின், இறந்தவர்க்குச் செய்யும் மரியாதை, இன்னும் போராடிக்கொண்டிருப்பவர்க்குச் செய்யும் உதவியாகவும் அமையும்.