கயிறு தெரிந்தால் என்ன குற்றம்?

(அய்யலூரில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று வியாழக்கிழமை. ஆட்டுச் சந்தைக்கு வந்தவர்களும், ஷிப்ட் முடித்து மில்லிலிருந்து வந்தவர்களும், தக்காளி பறித்துக் களைத்து வந்தவர்களும் இங்கே கூடியிருக்கிறீர்கள். கூலியைப் பற்றிப் பேசாமல் சினிமாச் சண்டையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுங்கள். இதுவும் உழைப்பாளியின் பிரச்னைதான் என்பதைக் காட்டுகிறோம்.

டி.வி.யில் ஒரு பழைய படம் ஓடுகிறது. கதாநாயகன் காரில் விரைகிறான். கார் நின்ற இடத்தில் நிற்கிறது. பின்னால் சாலை மட்டும் ஓடுகிறது. வீட்டு இளைஞன் கைகொட்டிச் சிரிக்கிறான். பெரியவருக்குக் கோபம் வருகிறது. யார் பக்கம் நியாயம்?

முதலில் அந்தத் தந்திரத்தைப் பார்ப்போம். அசையாத காருக்குப் பின்னே ஒரு திரை. முன்பே எடுத்து வைத்த சாலைப் படத்தை அந்தத் திரையின் பின்பக்கமிருந்து ஓட்டுவார்கள். முன்னே ஒருவர் விசிறிக் காற்றை முகத்தில் அடிப்பார். அவ்வளவுதான்! சண்டைக்கும் இப்படி ஒரு வழி உண்டு. திரையில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. காமிராவில் விநாடிக்கு 16 படங்கள் மட்டும் எடுத்து அதை 24 ஆக ஓட்டினால், கத்தி வீச்சு ஒன்றரை மடங்கு வேகமாகத் தெரியும். வெள்ளத்தில் கப்பல் மூழ்க வேண்டுமா? தொட்டியில் சிறிய மாதிரிக் கப்பலை மிதக்க விடுவார்கள். அதை வேகமாகப் படமெடுத்து மெதுவாக ஓட்டினால் அலை பெரிதாகத் தோன்றும். ஆனால் கப்பலைச் சிறிதாக்கலாம், தண்ணீர்த் துளியைச் சிறிதாக்க முடியுமா? அந்தத் துளிதான் குட்டை உடைத்துவிடும்!

ஆகவே இளைஞன் சிரிப்பதில் தவறில்லை. ஆனால் பழையதெல்லாம் பொய், புதியதெல்லாம் மெய் என்று அவன் முடிவு கட்டினால், அங்கே நாம் மறுக்கிறோம்.

1948ல் ஜெமினி வாசன் எடுத்த "சந்திரலேகா"வை எடுத்துக்கொள்ளுங்கள். பிரம்மாண்டமான முரசுகள். அவற்றின் மேல் பெண்கள் கூட்டமாக ஆடுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்ந்து வந்து கோட்டையைத் தாக்குகிறார்கள். பிறகு ரஞ்சனும் எம்.கே. ராதாவும் போடும் நீண்ட வாட்போர். முக்கால் நூற்றாண்டு கடந்தும் அந்தக் காட்சியைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஏன்? முரசு தச்சன் செய்தது. அதன் மேல் மிதித்தவை மனிதக் கால்கள். அந்தக் காட்சிக்குக் கனம் இருக்கிறது!

1957ல் வந்த "மாயாபஜார்" முழுக்க முழுக்க தந்திரக் காட்சிதான். எஸ்.வி. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்திருப்பார். பலகாரங்கள் தாமாக எழுந்து அவர் வாய்க்குள் போகும். காமிராக்காரர் மார்க்கஸ் பார்ட்லி. கம்ப்யூட்டர் ஏது அன்று? அது பொய் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ரசிக்கிறோம். அது மாயம் என்று படமே சொல்லிவிடுகிறது, நம்மை ஏமாற்றவில்லை.

இனி 2010ல் வந்த "எந்திர"னுக்கு வருவோம். நூற்றுக்கணக்கான எந்திர மனிதர்கள் ஒன்று சேர்ந்து பந்தாகிறார்கள், பாம்பாகிறார்கள். அன்று வாய் பிளந்து பார்த்தோம். இன்று பார்த்தால் அந்த உருவங்கள் தரையை மிதிப்பதாகவே தெரியவில்லை.

கனம் என்றால் என்ன என்பதை உங்களுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? பஞ்சு பேல் ஒன்று 170 கிலோ. அதைப் புரட்டுகிறவன் முதலில் காலை ஊன்றுகிறான், மூச்சைப் பிடிக்கிறான், பிறகுதான் கை போடுகிறான். திரையில் ஒருவன் மூச்சுகூட வாங்காமல் லாரியைத் தூக்கினால், பொய்யை முதலில் கண்டுபிடிப்பவன் பேல் தூக்கும் தொழிலாளிதான். அவனைவிடச் சிறந்த விமர்சகன் யார்?

அப்படியானால் எல்லாவற்றையும் நிஜமாகவே எடுக்கச் சொல்வதா? தோழர்களே, இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும்.

1980 நவம்பர் 16. சென்னைக்கு அருகே சோழவரம். மலையாள நடிகர் ஜெயன், டூப் வேண்டாமென்று தாமே ஹெலிகாப்டரில் தொங்கினார். ஹெலிகாப்டர் விழுந்தது, அவர் மாண்டார். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து 3 பேர் இறந்தனர். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில், காரைப் பாயவிட்டுக் கவிழ்க்கும் காட்சியில் ஒரு சண்டைக் கலைஞர் உயிரிழந்தார்.

"நிஜமாகவே குதித்தார்" என்று விளம்பரம் செய்கிறார்கள். நாமும் விசிலடிக்கிறோம். குதித்தவன் யார்? பெரும்பாலும் பெயர் தெரியாத டூப். கைதட்டல் நாயகனுக்கு, முறிந்த எலும்பு டூப்புக்கு! தேசியத் திரைப்பட விருதுகள் 1954ல் தொடங்கின. சண்டை அமைப்புக்கென்று விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது 2017ல்! அமெரிக்காவின் ஆஸ்கர் விருதும் 2025ல்தான் கண் திறந்தது; 2027ல் வெளியாகும் படங்களிலிருந்து இந்தத் தொழிலுக்கும் விருது உண்டென்று அறிவித்தது.

மில்லில் உறையில்லாத பெல்ட்டில் கை கொடுத்து வேலை செய்வதை வீரம் என்று நாம் சொல்வோமா? உறை போடு என்றுதானே கேட்கிறோம்? படப்பிடிப்புத் தளத்துக்கும் அதே நியாயம்தான். அங்கே உறை என்பது கயிறு, மெத்தை, மாதிரிப் பொம்மை, கம்ப்யூட்டர் சித்திரம். உயிருக்கு ஆபத்துள்ள இடத்தில் தந்திரம் செய்வது கலைக்கு இழுக்கல்ல. அது பொறுப்பு.

மெய்மை என்பது மனிதனை நிஜமாகவே விழவைப்பதல்ல. விழுந்தால் வலிக்கும் என்பதை மறைக்காமல் காட்டுவதே மெய்மை. அடித்தவன் களைக்க வேண்டும். அடிபட்டவன் எழத் தடுமாற வேண்டும். இதைக் காட்ட உயிர்ப்பலி தேவையில்லை. கனம் அறிந்த கலைஞன் போதும்.

எனவே அடுத்த முறை சண்டைக் காட்சி பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். இதில் கனம் தெரிகிறதா? இதை எடுத்தபோது எல்லோரும் பத்திரமாக வீடு திரும்பினார்களா? முதல் கேள்வி ரசிகனுடையது. இரண்டாவது, உழைப்பாளியுடையது. நாம் இரண்டுமாக இருக்கிறோம்.

பழைய படத்தில் கயிறு தெரிந்தால் சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்தக் கயிற்றில் தொங்கிய தொழிலாளி அன்று மாலை வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றான் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்!